பன்னிரண்டு முட்டையில் தொடங்கிய கோயில்

எங்கள் கோயில் கட்டிய கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு. முதல் பக்கத்து முதல் வரியில் என் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறது: ‘நாட்டுக்கோழி முட்டை 12, ஏலம் 340 ரூபாய்.’ பக்கத்தில் 2019 ஜனவரி என்று போட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயில் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ஊரில், நாலு மூங்கிலில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே பாய் விரித்து ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம்.

சபை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் முப்பத்திரண்டு குடும்பம். புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவான லுத்தரன் சபை. பெரும்பாலும் கூலி வேலை. நடவு, களையெடுப்பு, தேங்காய் உரிப்பு, அப்புறம் நூறு நாள் வேலை. நாலைந்து பையன்கள் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார்கள். போதகர் ஐயாவுக்கு எங்களைப் போல இன்னும் ஐந்து ஊர்ச் சபை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில், போதகருக்கு உதவியாக ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கும் உபதேசியார்தான் எல்லாம்.

என் தாத்தா காலத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆராதனை நடந்தது. வாரம் முழுக்கப் பாடம், ஞாயிறு காலையில் ஆராதனை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு அதன் முன்னால் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தால் அதுவே பலிபீடம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு ஞாயிறு யாரோ துடைக்க மறந்துவிட்டார்கள். திருவிருந்து முடியும்வரை ஐயாவின் தலைக்குப் பின்னால் பதினேழாம் வாய்ப்பாடு இருந்தது. பிறகு அந்தக் கட்டடம் பழுதாகி இடித்தார்கள். எங்கள் தெருக் கடைசியில் இருந்த ஒரு ஆயா, புருஷன் வைத்துவிட்டுப் போன ஐந்து சென்ட் மனைக்கட்டைச் சபைக்கு எழுதிக் கொடுத்தார். அதில் கீற்றுக் கொட்டகை போட்டோம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கீற்று மாற்றுவோம். பதினாறு வருடம் அதில்தான் கூடினோம். என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது ஊரே புது வெளிச்சமாக இருந்தது. தென்னை மரம் எல்லாம் விழுந்துவிட்டதால் வானம் அவ்வளவு தாழ இறங்கி வந்திருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் நாலு குழி மட்டும். மணியாகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டு வாய்க்காலில் கிடந்தது. பலிபீட மேசையை மூன்று வயல் தள்ளி எடுத்தோம்.

டிசம்பரில் சபைக் கூட்டம் போட்டோம். இனிமேல் கீற்று வேண்டாம், கல் கட்டடமாகவே கட்டிவிடுவோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்போது ஒரு பையன் எழுந்தான். நன்றாகப் படித்தவன், கோபமும் கொஞ்சம் அதிகம். “வீட்டுக்குக் கூரை இல்லாம ஏழு குடும்பம் பள்ளிக்கூடத்துல படுத்திருக்கு. இப்ப கோயிலுக்கு என்னங்க அவசரம்? சாமி வெயில்ல நிக்குதா?” என்று கேட்டான். ஒருவரும் பேசவில்லை. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவன் கேட்டது சரி என்றே பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

மனை கொடுத்த அந்த ஆயாதான் பேச ஆரம்பித்தார். சத்தமாகப் பேசத் தெரியாதவர். “மொதல்ல ஏழு வீட்டையும் மூடுவோம் தம்பி. நீ சொல்றது நியாயம். ஆனா கோயில வேணாம்னு சொல்லாத. மிராசுதார் வீட்டுத் திண்ணையில நாங்க உக்காந்ததில்ல. டீக்கடையில பெஞ்சுல உக்காந்ததில்ல. ஒக்காருன்னு சொன்ன எடம் எனக்கு வாழ்க்கையில இது ஒண்ணுதான்.”

அதற்கு மேல் விவாதம் இல்லை. முதலில் ஏழு வீடுகளுக்கும் தகரம் வாங்கிப் போட்டோம். அந்தச் செலவும் இதே நோட்டில் இருக்கிறது. அதன் பிறகுதான் முட்டை. அதுவும் அந்த ஆயா கொடுத்ததுதான்.

அந்த ஜனவரி ஆராதனையில் போதகர் ஐயா தரங்கம்பாடியில் முதல் கோயில் கட்டிய கதையைச் சொன்னார். எங்கள் சபைகளில் பிறந்தவர்களுக்கு, தரங்கம்பாடிக்கு முதலில் வந்த புரோட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்க்கின் பெயர் தாலாட்டோடு சேர்ந்தே வரும். அவர் வந்து இறங்கிய நாளான ஜூலை 9 என்றால் தரங்கம்பாடிக்கு வேன் பிடிப்போம். ஆனாலும் அச்சுக்கூடம், வேதப் புத்தக மொழிபெயர்ப்பு இவற்றைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஒரு சின்னக் கூட்டம் தனக்கென்று ஒரு கூரை தேடிய கதையாக அதை நான் அன்றுதான் கேட்டேன். பிறகு கட்டட வேலை நடந்த மூன்று வருடமும், ராத்திரி கணக்கு எழுதி முடித்ததும், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருந்தேன்.

தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு 1620-இல் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். வந்த காரியம் மிளகும் துணியும். எண்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தும், பக்கத்துத் தெருத் தமிழரிடம் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவர்களுடைய வியாபாரக் கம்பெனிக்குத் தோன்றவில்லை. தங்களுக்கு மட்டும் 1701-இல் சீயோன் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்தான் இரண்டு ஜெர்மானியர்களைத் தேடிப் பிடித்து அனுப்பினார். பார்த்தலோமியு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ. சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து 1706 ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தார்கள். அரசர் அனுப்பிய ஆட்களாயிற்றே, வரவேற்பு இருந்திருக்கும் என்று நினைப்போம். கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. அன்றைய தினம் தங்க இடம் சொல்ல ஆள் இல்லாமல் தெருவில் நின்றார்கள்.

மொழி தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே எனக்குச் சீகன்பால்க் மேல் தனிப் பிரியம். எங்கள் கொட்டகையில் ஞாயிறு பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் மணலில் எழுதுவார்கள்.

வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1707 மே 12 அன்று ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். ஞானஸ்நானம் நடந்தது சீயோன் கோயிலில். இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கோயிலின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? இவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள். அங்கே ஓதிய மொழி டேனிஷ். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தது சரி. அடுத்த ஞாயிறு எங்கே போய் உட்காருவது? யாருடைய பாட்டைப் பாடுவது? சட்டப்படி அதே கோயிலுக்குப் போகலாம் என்றே வைத்துக்கொள்வோம். எஜமானுக்கு எதிரே எந்த அடிமை கால் மடக்கி உட்கார்ந்து வாய் திறந்து பாடுவான்? எங்கள் ஆயா சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ‘ஒக்காருன்னு சொன்ன எடம்.’

மறு மாதமே, ஜூன் 14 அன்று, தனிக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கையில் போதுமான பணம் இல்லை. கம்பெனி உதவாது. டென்மார்க்குக்குக் கடிதம் எழுதிப் பதில் வருவதென்றால் வருடக் கணக்கு. சீகன்பால்க்கும் புளூட்சோவும் தங்கள் சம்பளப் பணத்தை எடுத்துப் போட்டார்கள். ஊரில் மனம் இருந்த சிலர் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று பிரதிஷ்டை. சரியாக இரண்டு மாதம். கடற்கரை ஓரம் ஒரு சின்னக் கட்டடம். எருசலேம் என்று பேர் வைத்தார்கள். தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பிரசங்கம் நடந்தது. போர்த்துக்கீசியம் ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அந்நாளில் கரையோரத் துறைமுகங்களில் வெள்ளைக்காரர் வீட்டு வேலையாட்களும் கலப்பு வம்சத்தவர்களும் பேசிய பொது மொழி அது. ஆக, எஜமானுடைய மொழியை விட்டுவிட்டு, சமையற்கட்டிலும் தெருவிலும் புழங்கிய இரண்டு மொழிகளுக்காகவே கட்டிய வீடு அது. அடுத்த மாதம் இன்னும் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், அவர்கள் தமிழர்கள்.

இரண்டு மாதத்தில் ஒரு கட்டடம் எழும்புவது எவ்வளவு வேகம் என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கடைக்கால் எழும்பவே நாலு மாதம் ஆனது. எங்கள் மண் களிமண். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய முதல் நாளே மேஸ்திரி குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, மூணடி பத்தாது. அஞ்சடி எடுக்கணும்” என்றார். அஞ்சடி என்றால் செலவு இரண்டு பங்கு. ஆள் கூலி கொடுக்க வழியில்லை. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்கள் மண்வெட்டியோடு நேரே கோயில் மனைக்கு வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் ஒன்றும் டிராக்டர் லைட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது ராத்திரி வெட்டினோம். ஆம்பளைகள் வெட்ட, பொம்பளைகள் கூடையில் வாங்கிக் கரையில் கொட்டினார்கள். அந்தக் கேள்வி கேட்ட பையன் ஒன்பது ராத்திரியும் வந்தான். ஒன்றும் பேசமாட்டான், குழியின் ஆழமான மூலையில்தான் இறங்குவான்.

மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கினோம். மூலைக்கல் வைக்கும்போது போதகர் ஐயா 127-ஆம் சங்கீதத்தை வாசித்தார். பிறகு மேஸ்திரி தூக்குக்குண்டை இறக்கி மூலை பார்த்தார். நூல் ஆடி ஆடி நிற்கும்வரை முப்பத்திரண்டு குடும்பமும் மூச்சு விடாமல் அந்தப் பித்தளைக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்ற இடத்தில் மேஸ்திரி சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். என் மகள் அப்போது ஐந்து வயது. “அப்பா, சாமி அங்கதான் நிக்குதா?” என்று கேட்டாள்.

பணம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சபைகள் எல்லாமே இப்படித்தான் கட்டப்பட்டவை. ஆராதனைக்கு வரும்போது கொண்டுவருகிற அரிசி, முட்டை, முருங்கைக்காய், கோழி இதெல்லாம் முடிவில் வெளியே வைத்து ஏலம் போடுவார்கள். விலை பேசுவதற்காக யாரும் ஏலம் கேட்பதில்லை. பத்து ரூபாய் முட்டையை முப்பது ரூபாய்க்குக் கேட்பார்கள், கோயிலுக்குப் போகிறது என்று. அறுப்பின் பண்டிகை அன்று இது திருவிழா மாதிரி நடக்கும். 2020 அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் வந்தது. முதல் ஆள் 200 ரூபாய்க்கு எடுத்தார். எடுத்தவர் அதை மேசையிலேயே திருப்பி வைத்து, “கோயிலுக்கே குடுக்குறேன், மறுபடி கூறுங்க” என்றார். அடுத்தவர் 250. அவரும் திருப்பி வைத்தார். அந்தப் பூசணிக்காய் ஏழு தடவை ஏலம் போனது. என் நோட்டில் பூசணிக்காய், பூசணிக்காய், பூசணிக்காய் என்று ஏழு வரி வரிசையாக இருக்கும். கடைசியாக எடுத்தவர் அதை அறுத்து எல்லா வீட்டுக்கும் கீற்றுப் போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூர்ப் பையன்கள் கம்பிக்குப் பணம் அனுப்பினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் மாதம் ஒரு நாள் கூலியைக் காணிக்கை என்று எழுதிவைத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு செங்கல். செங்கல் அப்போது எட்டு ரூபாய்.

அப்புறம் கொரோனா வந்தது. லிண்டல் மட்டத்தில் வேலை நின்றது. கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடிக்க ஆரம்பித்தது. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. சபையில் இரண்டு பேரை இழந்தோம். அதில் ஒருவர் எங்கள் உபதேசியார்.

அந்த ஊரடங்கு ராத்திரிகளில்தான் தரங்கம்பாடியின் இரண்டாவது கோயிலைப் பற்றிப் படித்தேன். முதல் கோயில் நிமிர்ந்து நின்ற மறு வருடமே, 1708 நவம்பரில், ஹாசியஸ் சீகன்பால்க்கைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். நாலு மாதம் போலச் சிறை. கோயில் மூடப்படவில்லை, கூட்டம் கலையவில்லை. வெளியே வந்து பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று வேலை விரிந்தது. கூட்டம் பெருகி, கடற்கரை ஓரத்துச் சின்ன வீடு போதாமல் போனது. கடலும் கரையை அரித்துக்கொண்டே வந்தது. ஆகவே உள்ளே தள்ளி, ராஜ வீதியில், 1717-இல் புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். சிலுவை வடிவம். 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீடமும் பெயரெழுத்தும் 1718 என்ற வருடமும் இன்றைக்கும் பார்க்கலாம். புதிய எருசலேம் ஆலயம்.

எங்கள் கூட்டத்தில் அந்தப் பையன் கேட்ட கேள்வியை அன்றைக்கே ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தரங்கம்பாடி வேலையை மேற்பார்வை பார்க்க 1714-இல் கோபன்ஹேகனில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் செயலர் கிறிஸ்டியான் வெண்ட். கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அப்போஸ்தலர் நடந்த மாதிரி எளிமையாக ஊர் ஊராக நடந்து பிரசங்கம் பண்ணுங்கள் என்பது அவருடைய கொள்கை. அவர் எழுதிய கடுமையான கடிதம் சீகன்பால்க்கை உடைத்துப் போட்டது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர். புதுக் கோயில் பிரதிஷ்டை ஆகி நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் காலமானார். அந்தக் கோயிலுக்குள்ளேயே பலிபீடத்தின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவரோடு சேர்ந்து அதைக் கட்டிய சக மிஷனரி கிரண்ட்லரும் மறு வருடமே போய்ச் சேர்ந்தார்; அவருக்கும் அங்கேதான் கல்லறை.

வெண்ட் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. வெறும் கட்டடமாகச் சபை குறுகிவிடக் கூடாது என்ற அவருடைய பயம் நியாயமானது. பளிங்கு போட்ட பெரிய கோயில்களின் வாசலில் நிற்கும்போது எனக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் அவர் இருந்தது கோபன்ஹேகன். அங்கே தெருவுக்கு ஒரு கோயில், ஒவ்வொருவருக்கும் ஒரு பெஞ்சு. உட்கார இடம் உள்ளவருக்கு இடம் பெரிதாகத் தெரிவதில்லை. எங்கள் பையன் கேட்ட கேள்வி வேறு. கூரை பறந்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்து பந்தலில் உட்கார்ந்துகொண்டு அவன் கேட்டான், பிறகு குழியிலும் இறங்கினான். அவனுக்குப் பதில் சொல்ல முடிந்தது, ஏழு தகரக் கூரைகளால். வெண்ட்டுக்கும் சீகன்பால்க்குக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடந்தது, கடிதம்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிமைகளை முதல் ஆட்களாகக் கொண்டு தொடங்கிய அந்தத் திருச்சபைக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனிப் பக்கம் உட்காரும் வழக்கம் நுழைந்தது; நெடுங்காலம் நீடித்தது. மிஷனரிமார் பலர் அதை ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியில் 1733-இல் ஆரோன் என்ற தமிழரைப் போதகராக அபிஷேகம் செய்தார்கள், இந்தியரில் முதல் புரோட்டஸ்டன்ட் போதகர் அவர்தான். அவ்வளவு பெரிய காரியம் செய்யத் துணிந்தவர்கள், ஒரே பாயில் எல்லோரையும் உட்கார வைக்கத் துணியவில்லை. கோயில் கட்டினால் மட்டும் போதாது. எனக்கு இது படிக்கும்போதெல்லாம் வலிக்கிற விஷயம், ஏனென்றால் இருநூறு வருடத்துக்குப் பிறகும் அந்த வழக்கத்தின் மிச்சத்தை அனுபவித்தவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் தாத்தா பக்கத்து ஊர்ப் பெரிய சபைக்குப் போனபோது பின்சுவரை ஒட்டித்தான் நின்றிருக்கிறார். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் தனியாக ஆராதனை தொடங்கியதே.

ஆகவே எங்கள் கோயிலுக்கு உள்வேலை நடந்தபோது ஒரு தீர்மானம் போட்டோம். அது நோட்டின் நடுப் பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறது. நாற்காலி கிடையாது, யாருக்கும் தனி இடம் கிடையாது, யாருடைய பேரும் கல்வெட்டில் கிடையாது. கால் மடக்க முடியாதவர்களுக்கு மட்டும் சுவரோரம் ஒரு பெஞ்சு. பணம் அதிகம் கொடுத்த ஒரு உறவினர், வெளியூரில் வசதியாக இருப்பவர், தன் அப்பா பெயரில் ஒரு கல்லாவது வைக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார். மறுத்தோம். அவர் பிரதிஷ்டைக்கு வரவில்லை. எனக்கு அது வருத்தம்தான். இருந்தாலும் அவர் அப்பாவும் இந்த நோட்டில் இருக்கிறார், கொட்டகைக்கு நாலு மூங்கில் கொடுத்தவர் என்று பழைய கணக்கிலிருந்து நானே எடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

2022 மே மாதம் பிரதிஷ்டை நடந்தது. இருபதடிக்கு நாற்பதடி. மேலே காங்கிரீட் தளம். மொத்தச் செலவு பதினொரு லட்சத்துச் சொச்சம். கோபுரம் இல்லை, முன்சுவரில் ஒரு சிலுவை, அதுவும் சென்ட்ரிங் அடித்த பலகையில் மிஞ்சியதைக் கொண்டு அந்தப் பையன் செய்தது. வாய்க்காலில் எடுத்த தண்டவாளத் துண்டைத்தான் திரும்பவும் தொங்கவிட்டோம். அதை அடிக்கும் சத்தம் எங்கள் காதுக்குப் பழகிவிட்டது.

அந்த ஜூலை 9-க்கு இரண்டு வேன் எடுத்துத் தரங்கம்பாடிக்குப் போனோம். ஆயாவும் வந்தார். ராஜ வீதியில் நுழைந்தபோது அவர் புதிய எருசலேம் கோயிலின் கிரீட முகப்பை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. “மொதக் கோயிலு எங்கப்பா?” என்றுதான் கேட்டார். நான் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் நின்றோம். 1306-இல் பாண்டியர் காலத்தில் கட்டிய சிவன் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ எடுத்துவிட்டது. அலை இன்னும் பாறாங்கல்லில் மோதிக்கொண்டிருந்தது. முதல் எருசலேம் கோயிலையும் இதே கடல்தான் கொண்டுபோனது என்று சொன்னேன். தண்ணீரைக் காட்டினேன்.

ஆயா ரொம்ப நேரம் பார்த்தார். காற்றில் முந்தானை படபடத்தது. “அதுல ஒக்காந்து பாடினவங்க?” என்றார்.

“அந்தப் புதுக் கோயிலுக்குப் போயிட்டாங்க ஆயா.”

“சரி, அப்ப அங்க போவோம்.”

திரும்பி நடந்தோம். கோயிலுக்குள் ஆராதனை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பலிபீடத்துக்கு முன்னால், சீகன்பால்க்கின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் ஆயா கால் மடக்கி உட்கார்ந்தார். அந்தக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, எங்கள் கொட்டகையில் பாடுகிற பாட்டை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். சபையில் இருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் மகள் ஆயாவின் மடியில்.

நோட்டில் இன்னும் பதினான்கு பக்கம் மிச்சம் இருக்கிறது. கடைசியாக எழுதிய வரி போன வாரத்தது. கோரைப் பாய் ஆறு, பெரியது, தேவை. புதிதாக மூன்று குடும்பம் வருகிறது.